பத்தொன்பது அறிவிப்பு, பதினெட்டுப் பல்

ஏழாவது அறிவிப்பை நான் வாசித்தேனா?

நாலு வருடமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போது வாசித்தேன் என்று தோன்றும். மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வாசிக்கவில்லை என்று நிச்சயமாகத் தெரியும். வீட்டுக்குள் வந்து சிலிண்டரை மூடினேனா என்று பார்க்கப் போகிற நேரத்தில் இரண்டும் கலந்துவிடும். பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறவள் நான். அப்படிப்பட்டவளுக்கு, இரண்டு உயிர் தொங்கிக்கொண்டிருந்த ஒரு வரி மட்டும் ஞாபகத்தில் இல்லை.

எனக்கு முப்பத்து மூன்று வயது. வேலையை விட்டு நாலு வருடம் ஆகப் போகிறது. வீட்டில் என்னை ‘ரிட்டயர்டு’ என்றுதான் கேலி செய்வார்கள். போன மாதம் ஷெரின் கூப்பிட்டாள். என்னோடு அதே மேஜையில் இரண்டு வருடம் இருந்தவள். இப்போது வேறொரு ஊர் விமான நிலையத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். “சேச்சி, நீங்க ஃபோன்ல வாசிச்சுக் கொடுத்த கதையெல்லாம் சொன்னா பிள்ளைங்க நம்ப மாட்டேங்குது. மூணு பக்கம் எழுதித் தாங்களேன். பழைய காலம்னு ஒரு பாடமா வெச்சுக்கலாம்” என்றாள். நாலு வருடம் பழைய காலம் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் அதை அவளுக்கு அனுப்ப முடியாது என்று தெரிந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலை இதுதான். விமானம் கிளம்புவதற்கு முன் விமானி சில எச்சரிக்கைகளைப் பார்த்தாக வேண்டும். எந்த ஓடுபாதை மூடியிருக்கிறது, எங்கே புதிதாக கிரேன் நிற்கிறது, எந்த வானப்பரப்பு இன்றைக்கு யாருக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்புகள். பெரிய கம்பெனி விமானங்களுக்கு இதையெல்லாம் பிரித்துப் பார்த்துக் கொடுக்கத் தனி ஆட்கள் உண்டு. சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருக்கிறவர்களுக்கு நாங்கள் இருந்தோம். திருவனந்தபுரம் விமான நிலைய வளாகத்துக்குள் ஒரு தனியார் கம்பெனி நடத்திய ஒற்றை அறை. அந்தக் கம்பெனி இப்போது இல்லை.

பிஎஸ்ஸி இயற்பியல் முடித்துவிட்டு மூன்று மாதம் பயிற்சி. பயிற்சி என்றால் சுருக்கெழுத்துகளை மனப்பாடம் செய்வது. அறிவிப்புகள் எல்லாம் தந்திக் காலத்து ஆங்கிலத்தில்தான் வரும். உயிரெழுத்தைப் பாதி தின்றுவிட்டு மிச்சத்தைத் துப்பி வைத்த மாதிரி இருக்கும். எழுத்துக்குக் காசு கொடுத்துத் தந்தி அடித்த காலம் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது, சுருக்கம் மட்டும் போகவில்லை. வகுப்பில் ஒருவன் “இதை முழு வார்த்தையா எழுதினா என்ன சார்?” என்று கேட்டான். வாத்தியார் அவனைப் பார்த்த பார்வையில் நாங்கள் யாரும் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாளைக்கு இருபது அறிவிப்பு வரும் என்றால், அதில் பதினைந்து ஒருவருக்கும் வேண்டாதது. ஓடுபாதை ஓரத்தில் புல் வெட்டுகிறார்கள். வலியதுறைப் பக்கம் மீன் காயப்போடுவதால் பறவை அதிகம். கழக்கூட்டத்தில் ஒரு கட்டடத்தின் மேல் கிரேன். வருடத்தில் இரண்டு நாள், சாமியை நீராட்டக் கொண்டுபோகும் கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போவதால் மாலையில் விமானம் இல்லை. அது பால்காரருக்குக்கூடத் தெரியும், அதற்கும் ஒரு அறிவிப்பு. இந்தக் குவியலுக்குள் எங்கேயோ ஒன்று, விமானியின் உயிருக்கு வேண்டியது இருக்கும். அதற்குத் தனி நிறம் கிடையாது. தனி இடம் கிடையாது. புல் வெட்டுவதும் உயிர் போவதும் ஒரே எழுத்து, ஒரே அளவு.

சரி, குவியலாகவாவது கையில் கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. எங்கள் அறை பாதுகாப்பு வாசலுக்கு உள்ளே. சின்ன விமானங்கள் நிற்கும் கொட்டகை ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், வேறு வாசல். எங்களிடம் வர அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு முந்தின நாளே விண்ணப்பம், புகைப்படம், வண்டி எண். விமானம் ஓட்ட உரிமம் உள்ள மனிதருக்கு, ஓட்டுவதற்கு முன் படிக்க வேண்டிய தாளைப் போய்ப் படிக்க உரிமம் இல்லை. ஆனால் அவர் அந்தத் தாளை நேரில் வந்து படித்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பறக்க வேண்டும் என்பது விதி.

ஆகவே நாங்கள் தொலைபேசியில் வாசித்தோம். வாசித்து முடித்ததும் ஒரு எண் கொடுப்போம். அந்த எண்ணைச் சொன்னால்தான் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிளம்ப விடும். எண் இருந்தால் ஆளுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு அர்த்தம். பறந்து முடித்து இறங்கியதும், பதிவேடு வாசலுக்குப் போகும். விமானி கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, கிளம்புவதற்கு முந்தைய நேரத்தைப் போட்டுக் கையெழுத்திடுவார். ‘வாசித்தேன், புரிந்துகொண்டேன்.’ உயிரோடு திரும்பி வந்த பிறகு, போவதற்கு முன் புரிந்துகொண்டதாக.

இந்த ஏற்பாட்டின் காவல் தெய்வம் எங்கள் சூப்பர்வைசர் சுகுமாரன் சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. காலையில் வந்ததும் கண்ணாடியைத் துடைப்பார், மேஜைக் கண்ணாடியைத் துடைப்பார், பிறகு ஒரு இரும்பு ஸ்கேலைத் துடைத்துத் தாள் மேல் வைப்பார். அவர் நாவில் எப்போதும் ஒரே சொல்: வ்ருத்தி. சுத்தம் என்று அர்த்தம். தாள் வ்ருத்தியாக இருக்க வேண்டும். எங்கள் தாளில் ஒவ்வொரு அறிவிப்புக்கும் பக்கத்தில் ‘வாசிக்கப்பட்டது’ என்று ஒரு கட்டம். ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே டிக் போட வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒரு தணிக்கையில் மூன்று கட்டம் காலியாக இருந்ததைக் கண்டுபிடித்துச் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டார்கள். சுகுமாரன் சார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வழி கண்டுபிடித்தார். தாள் அச்சாகி வந்ததும், யாரும் தொலைபேசி எடுப்பதற்கு முன்பே, ஸ்கேலை வைத்து மேலிருந்து கீழே வரை டிக் போட்டுவிட வேண்டும்.

“வாசிச்சிட்டுத்தானே சார் போடணும்?” என்றேன்.

“மோளே, வாயிச்சிட்டுப் போட்டால் மறக்கும். முன்பே போட்டால் மறக்கில்லல்லோ.”

அவர் சொன்னதில் பிழையே இல்லை. முன்பே போட்டால் டிக் போட மறக்காது. வாசிக்கத்தான் மறக்கும். அது அவருடைய கட்டத்துக்குள் வராத விஷயம். நானும் போட்டேன். முதல் வாரம் கை கூசியது. அப்புறம் வேகம் வந்துவிட்டது. ஷெரின் வந்தபோது நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மற்றவர்களை ஏளனம் செய்கிற இந்தக் கட்டுரையில் இந்த வாக்கியத்தையும் சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை வர்க்கலாவில் ரிசார்ட் வைத்திருந்த ஒருவர் கூப்பிட்டார். வெளிநாட்டு விருந்தாளியைக் கடற்கரை மேலே சுற்றிக் காட்ட வேண்டும். இருபத்தாறு அறிவிப்பு. நான் நாலாவதை வாசிக்கும்போதே, “நிறுத்தும்மா. எனக்கு வேண்டியத மட்டும் சொல்லு” என்றார். நியாயம்தானே என்று எனக்குப் பட்டது. அவர் போகும் பாதையைக் கேட்டு, அதைத் தொடுகிற மூன்றை மட்டும் எடுத்து, சுருக்கெழுத்தை அவிழ்த்துச் சொன்னேன். “இதை முதல்ல சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்” என்று நன்றி சொன்னார். என் வேலைக் காலத்தில் ஒரு விமானியிடம் உண்மையாகவே தகவல் போய்ச் சேர்ந்தது என்று நான் நினைத்த நாள் அது.

சுகுமாரன் சார் பக்கத்து மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேலைத் துடைத்தபடியே, “செலெக்ட் செய்யான் டீச்சர் ஆரா?” என்றார், பொறுக்கி எடுக்க நீ யார் என்று. நான் எதையும் விளக்கிச் சொல்கிறவள் என்பதால் அவர் எனக்கு வைத்த பட்டம் டீச்சர். “நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால், நீ விட்ட இருபத்து மூணில் இருந்து வரும், கேட்டோ. எல்லாம் வாயிச்சால் நம்மள் சேஃப்.”

விமானி சேஃப் என்று அவர் சொல்லவில்லை. நான் அதையும் கவனித்தேன். கவனித்துவிட்டு, அடுத்த நாளிலிருந்து எல்லாவற்றையும் வாசித்தேன்.

இனி டாக்டர் ஜெபராஜ். நாகர்கோவிலில் பல் டாக்டர். வேறு இரண்டு பேரோடு சேர்ந்து மூன்றாம் கையாக வாங்கிய, இரண்டு பேர் உட்காரும் விமானத்தில் அவருக்கும் ஒரு பங்கு. கிளினிக் இல்லாத புதன்கிழமைகளில் காரில் வருவார். தனியார் விமானிகளில் முக்கால்வாசிப் பேர் என் குரலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். இவர் அப்படி இல்லை. நெய்யாற்றின்கரை தாண்டியதும் காரை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் கூப்பிடுவார்.

“வாசி மக்கா, நான் எழுதுதேன்.”

அவர் எழுதுகிற தாள் விசித்திரமானது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயைக் குறித்துக்கொள்ள ஒரு படம் அச்சடித்து வைத்திருப்பார்கள், மேலே பதினாறு பல், கீழே பதினாறு பல். ஒரு அறிவிப்புக்கு ஒரு பல் என்று வரிசையாக எழுதுவார். முடித்ததும் கேட்பார்: “இன்னைக்கு எத்தன பல்லு?” நான் தாளில் எண்ணிச் சொல்வேன், அவர் படத்தில் எண்ணிப் பார்ப்பார். இரண்டும் ஒத்தால்தான் எண் வாங்கிக்கொள்வார். ஒரு தடவை முப்பத்து மூன்று வந்துவிட்டது. “இதுக்கு மேல எனக்கு இடமில்ல மக்கா, உங்க சாருட்ட சொல்லி ஒரு பல்லப் புடுங்கு” என்றார். அந்த அறையில் நான் சத்தமாகச் சிரித்த நாள் அது. விதி எழுதியவர்கள், தணிக்கை செய்தவர்கள், சுகுமாரன் சார் எல்லோரும் சேர்ந்து செய்யாத ஒரே உருப்படியான சரிபார்ப்பு, அந்தப் பல் எண்ணிக்கைதான்.

அந்தப் புதன்கிழமை என் மகளுக்கு ஒன்பது மாதம். முந்தின நாள் மாலையிலிருந்து உடம்பு சுட்டது. காலையில் காய்ச்சல் மருந்தைக் கொடுத்து, சூடு இறங்கியதும், காய்ச்சல் இல்லை என்று சொல்லிக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தேன். சொந்தக் கைபேசியை மேஜை மேல் வைக்கக் கூடாது. இழுப்பறைக்குள் போட்டேன். பத்தொன்பது அறிவிப்பு அச்சாகி வந்தது. சுகுமாரன் சாரின் ஸ்கேலை வாங்கிப் பத்தொன்பதுக்கும் டிக் போட்டுவிட்டு, அதையும் இழுப்பறைக்குள் வைத்தேன்.

எட்டரைக்கு டாக்டர் கூப்பிட்டார். அன்றைக்கு அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவும் கூட. பத்து வருடம் மறுத்துவிட்டு முதல் முறையாக ஏறச் சம்மதித்திருந்தார். போனக்காடு தோட்டத்தில் டாக்டர் வருடத்துக்கு இரண்டு தடவை பல் முகாம் நடத்துவார். அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் இவர் விமானம் மேலே வந்தால் போர்வையை விரித்து ஆட்டுவார்களாம். அதைக் காட்டத்தான் அழைத்துப் போகிறார். வாசிக்க ஆரம்பித்தேன். புல். பறவை. விளக்கு. ஐந்தாவதோ ஆறாவதோ கழக்கூட்டத்துக் கிரேன். அப்போது இழுப்பறை அதிர்ந்தது. கைபேசி அந்த ஸ்கேலோடு ஒட்டிக் கிடந்ததால், அடங்கி ஒலிக்க வேண்டியது பல் கூசுகிற சத்தமாக வந்தது. கொஞ்சம் திறந்து பார்த்தேன். காப்பகம். காய்ச்சல் ஏறிவிட்டது, நான் பொய் சொன்னது தெரிந்துவிட்டது, இரண்டும் அந்த ஒரு பெயரிலேயே எனக்குப் புரிந்தது. இழுப்பறையை மூடினேன். வாசித்தேன். எங்கிருந்து தொடர்ந்தேன்? டிக் இல்லாத முதல் வரியிலிருந்து என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு சுலபம். எல்லா வரியிலும் டிக் இருந்தது.

ஏழாவது இதுதான்: போனக்காடு, பொன்முடி மலைப்பகுதியில் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, தரையிலிருந்து ஐயாயிரம் அடி வரை, நில ஆய்வு ஹெலிகாப்டர், கீழே நீண்ட கம்பியில் கருவி தொங்கும், மற்ற விமானங்கள் வரக் கூடாது.

ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம். பத்தொன்பதாவது முடிந்ததும் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, “அவ்வளவுதான் டாக்டர், நம்பர் எழுதிக்கிடுங்க” என்றேன். எண்ணைச் சொல்லி வைத்துவிட்டேன். எத்தனை பல் என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்க விடவில்லை.

காப்பகத்துக்குத் திருப்பிக் கூப்பிட்டேன், நூற்றிரண்டு டிகிரி என்றார்கள். சுகுமாரன் சாரிடம் போய் நின்றேன். ஷெரின் பதினொரு மணிக்குத்தான் வருவாள். “ரிலீவர் வரட்டே மோளே. ஃபீவர் அல்லே, அது பறந்து போகில்லல்லோ” என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காப்பகத்துக்கு ஓடச் சொல்லிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தேன். சொன்னால் கேட்கிறவள் நான். இப்போது யோசித்தால், அதற்குப் பெயர் கடமையுணர்ச்சியா என்று தெரியவில்லை.

டாக்டர் கல்லாற்றைப் பார்த்தபடியே மேலே போயிருக்கிறார். மலைக்குப் பின்னால் கோபுரத்தோடு பேச்சு அறுந்துவிடும், அது எப்போதும் உள்ளது. ஒரு மலைத்தோளைச் சுற்றித் திரும்பியதும் எதிரே, கொஞ்சம் உயரத்தில், ஹெலிகாப்டர். பார்த்தவர் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார், அதன் கீழே புகுந்து போக மூக்கைத் தாழ்த்தினார். கீழேதான் கம்பி. “கம்பி! ஏசுவே, கம்பி!” என்று கத்தியது ஸ்டெல்லா அக்கா. இடது பக்கம் சாய்த்துத் தப்பித்தார். மஞ்சள் நிறத்தில் தண்ணீர் டிரம் அளவுக்கு ஒரு கருவி வலது இறக்கைக்கு அப்பால் ஆடிக்கொண்டே போனதாம். “ஒரு பஸ்ஸு நீளம் இருக்கும், அவ்வளவுதான்” என்றார் பிறகு.

இறங்குவதற்குள் ஹெலிகாப்டர்காரர் புகார் சொல்லிவிட்டார். எங்கள் அறைக்குத் தகவல் வந்ததும் சுகுமாரன் சார் எழுந்தார். எப்போதும் பதிவேட்டை எங்களில் யாராவதுதான் எடுத்துப் போவோம். அன்றைக்கு அவரே எடுத்தார். நான் பின்னால் ஓடினேன். வாசல் வேலிக்கு அந்தப் பக்கம் டாக்டர் நின்றிருந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஸ்டெல்லா அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். சுகுமாரன் சார் பக்கத்தைத் திறந்து, விரலால் இடத்தைக் காட்டி, பேனாவை நீட்டி, அதே தாழ்ந்த குரலில் சொன்னார்: “டாக்டரே, ஒரு ஒப்பு.”

அடிபட்டதா, தண்ணீர் வேண்டுமா, ஒன்றுமில்லை. ஒரு ஒப்பு. டாக்டர் எட்டரை மணி என்று நேரம் போட்டுக் கையெழுத்திட்டார். பழக்கம். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, “பிள்ளைக்கு என்ன மக்கா, முகம் இப்பிடி இருக்கு?” என்றார்.

விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். முந்தின நாள் சுகுமாரன் சார் எனக்குச் சொன்னது ஒரே வரி: “கேட்டதினு மட்டும் பதில்.” அதிகாரி தாளை என் பக்கம் திருப்பினார். “இந்த டிக் எல்லாம் நீங்கள் போட்டதா?”

“ஆமாம் சார்.”

அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். எப்போது போட்டீர்கள் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவேன் என்று தீர்மானித்திருந்தேன், சத்தியமாக. அவர் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. அறிக்கையில் எங்கள் அலுவலகத்தின் ஆவணப் பராமரிப்பு நேர்த்தியாக இருந்ததாக ஒரு பாராட்டு வேறு. டாக்டரைப் பற்றிய பக்கத்தில், ‘தகவல் தெரிவிக்கப்பட்டும் பொருட்படுத்தாமல் பறந்தார்’ என்று எழுதினார்கள். ஆறு மாதம் உரிமம் நிறுத்தம். ஆறு மாதம் முடிந்த பிறகும் அந்த ஒரு வாக்கியத்தைக் காட்டிக் காட்டிப் புதுப்பிக்காமல் இழுத்தடிக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து நான் வேலையை விட்டேன். காரணம் என்ற இடத்தில் குழந்தை என்று எழுதினேன்.

போன வாரம், நாலு வருடத்துக்குப் பிறகு, டாக்டர் கூப்பிட்டார். நம்பரைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

“மக்கா, பிள்ள எப்படி இருக்கு? பல்லெல்லாம் மொளச்சாச்சா?”

“எல்கேஜி போறா டாக்டர்.”

“முட்டாயி குடுக்காத. கேளு, எனக்கு அறுவத்தொண்ணு ஆகுது. இந்தத் தடவ விட்டா அப்புறம் உடம்புச் சோதனைல என்னைய விட மாட்டானுவ. திரும்பவும் அப்ளிகேஷன் போட்டிருக்கேன். அன்னைக்கு வாசிச்சவங்க ஒரு கடிதம் தந்தா அந்த வரிய மறுபடி பாக்கலாம்னு சொல்லுதான். அடுத்த வெள்ளிக்கிழமக்குள்ள குடுக்கணும். நிர்ப்பந்தம் ஒண்ணுமில்ல பாத்துக்க.”

“டாக்டர், நான் அன்னைக்கு...”

“எனக்க தாளு எங்கிட்ட இருக்கு. பதினெட்டுப் பல்லுதான் எழுதியிருக்கேன்.”

எனக்கு அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து அணைக்கத் தோன்றவில்லை. “அதை ஏன் அவங்ககிட்ட காட்டல?”

“காட்டியிருந்தா? அவன் தாள்ல பத்தொம்பது, எனக்க தாள்ல பதினெட்டு. நடுவுல யாரு நிப்பா? உனக்குக் கைப்பிள்ளைலா இருந்துது. அதுவுமில்லாம, நான் எழுதாம விட்டிருக்கலாம்லா. ஸ்டெல்லா அந்நேரம் பாத்து சாயா நீட்டினா. நீ வாசிச்சிருப்ப, நான் கிளாசப் பிடிச்சிருப்பேன். யாரு கண்டா?”

“ஸ்டெல்லா அக்கா என்ன சொல்றாங்க?”

“சாயா குடுத்தது பத்தாவது பல்லுக்குங்கா. அவளுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கு, என்னைய சாப்பிட்டியான்னு கேக்கத்தான் மறந்திருவா.” சிரித்தார். பிறகு சிரிப்பு இல்லாமல் சொன்னார்: “பறக்க விடாம இருந்தாக்கூடப் போகுது மக்கா. ரோட்டுல வண்டிய ஓரங்கட்டி எழுதினவன் நான். சொல்லியும் கேக்காதவன்னு எழுதிட்டானுவளே.”

ஷெரினிடம் இதைப் பற்றிப் பேச்சு எடுத்தேன். அவள் அவசரமாக வேறு விஷயத்துக்குப் போனாள். அவளும் முன்கூட்டியே டிக் போட்டவள், சொல்லிக் கொடுத்தவள் நான். அவள் இப்போது இருக்கும் இடத்திலேயே ஒரு வேலைக்கு நானும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அது வேறு. “அதெல்லாம் இனி யாருக்கும் பிரச்சினையே இல்ல சேச்சி, இப்போ எல்லாம் ஆப்ல. விமானி வீட்டுல படுத்துக்கிட்டே பாக்கலாம். கடைசி வரைக்கும் தள்ளினா ‘வாசித்தேன்’னு தானா பச்சை விழும்” என்றாள். எத்தனை அறிவிப்பு வருகிறது என்று கேட்டேன். நாற்பது, ஐம்பது என்றாள். அதே சுருக்கெழுத்து. சுகுமாரன் சாரை மடித்துக் கைபேசிக்குள் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. கட்டை விரல் கீழே வரை போனால் டிக் விழுகிறது. இப்போது தாள் முன்பைவிட வ்ருத்தி. கேட்பதற்கு எதிர்முனையில் ஆளே இல்லை, “எத்தன பல்லு” என்று.

என் கணவர் தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அவருக்கு உலகமே ரெஜிஸ்டர்தான். “அந்த ஆளு ஒப்பு போட்டிருக்காருல்ல? போலீஸ் வந்தா நாங்க அதைத்தான் காட்டுவோம். நீ ஏன் சும்மா கிடக்கிறத எடுத்து மேல போட்டுக்கிற? உனக்கு ஞாபகமே இல்லைங்கிற, அப்புறம் என்னத்த எழுதுவ?” என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. பயத்தில் சொல்கிறார். குழந்தை பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

மூன்று நாளாகக் கடிதம் எழுதுகிறேன். இரண்டு வாக்கியம் முடிந்திருக்கிறது. ஒன்று: தாளில் உள்ள டிக்குகள் எல்லாம் நான் வாசிப்பதற்கு முன்பே போட்டவை, அது எங்கள் அலுவலக வழக்கம். இரண்டு: டாக்டர் எப்போதும் செய்யும் எண்ணிக்கைச் சரிபார்ப்பை அன்று நான் செய்ய விடாமல் தொலைபேசியை வைத்தேன். இரண்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை. மூன்றாவது வாக்கியத்தில்தான் நிற்கிறேன். ‘வாசிக்கவில்லை’ என்று எழுதினால் அவருக்கு உரிமம் கிடைக்கும், ஆனால் எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதியிருப்பேன். படிப்பதற்கு முன்பே டிக் போடுகிற அதே காரியம், மறுபடியும் ஒரு முறை. ‘நினைவில்லை’ என்று எழுதினால் அது உண்மை. ஆனால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒதுக்கிவிடுவார்கள். அந்த மாதிரி அலுவலகங்களை எனக்குத் தெரியும், அதில் ஏழு வருடம் உட்கார்ந்தவள் நான்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். முக்கியமாக, எங்கேயாவது ஒரு அலுவலகத்தில், வங்கியில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், செய்வதற்கு முன்பே செய்ததாக டிக் போட்டுப் பழகியவர்களிடம். உங்களுக்குத்தான் இது புரியும். மூன்றாவது வாக்கியத்தை எப்படி எழுதுவீர்கள்? அல்லது எழுதாமல், அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டு அனுப்பலாமா? காலியான கட்டத்தை நான் இதுவரை யாருக்கும் அனுப்பியதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.